மஞ்சள் பூ, சாம்பல் இலை: அரிசோனா மலைச்சரிவில் பார்த்த அந்தப் புதர் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் போதும், ஃபீனிக்ஸ், டூசான் பக்கம் இருக்கும் நண்பர்களிடமிருந்து மஞ்சள் பூப் படங்கள் வாட்ஸாப்பில் வர ஆரம்பித்துவிடும். "இது என்ன செடி?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். படத்தில் பெரும்பாலும் பூ மட்டும் பளிச்சென்று இருக்கும், இலை இருக்காது. சிக்கலே அங்கேதான். இந்தப் பாலைவனத்தில் மஞ்சளாகப் பூக்கும் சூரியகாந்திக் குடும்பத்துப் புதர்கள் ஏராளம், பூவை மட்டும் வைத்து அவற்றைப் பிரிப்பது கஷ்டம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் மலைச்சரிவே மஞ்சளாகிவிடுகிறதே, அது என்ன?

தெற்கு அரிசோனாவிலோ தென்கிழக்கு கலிஃபோர்னியாவிலோ கல்லும் சரளையுமான சரிவில் அப்படிப் பார்த்திருந்தால், அநேகமாக பிரிட்டில்புஷ். தாவரவியல் பெயர் என்சீலியா ஃபாரினோசா. சோனோரா, மோஹாவி பாலைவனங்கள் இரண்டுக்கும் சொந்தச் செடி. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலும் பாஹா கலிஃபோர்னியாவிலும் நிறைய உண்டு. பெரும்பாலும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் இருக்கும். உறைபனி ஆகாது என்பதால் வெயில் நன்றாக விழும் தெற்குச் சரிவுகளில் அடர்த்தி அதிகம். ஃபீனிக்ஸ் சவுத் மவுன்டன், டூசான் பக்கத்து சகுவாரோ தேசியப் பூங்கா, கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ எங்கே போனாலும் பார்க்கலாம். நெடுஞ்சாலை ஓரங்களிலும் விதைத்திருப்பார்கள்.

குளிர்கால மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சரிவு முழுக்கப் பூக்கும். மழை பொய்த்த வருஷத்தில் அதே சரிவில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பூ இருக்கும். போன வருஷம் பார்த்த இடத்துக்கு இந்த வருஷம் விருந்தாளியைக் கூட்டிப் போகும் முன் மழைக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

சூரியகாந்திக் குடும்பம்தான் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பூவைக் கிள்ளி, நகத்தால் நடுவில் பிளந்து பாருங்கள் (தேசியப் பூங்காவுக்குள் வேண்டாம், அங்கே கிள்ளவே கூடாது). நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு கூட்டம். நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்ப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஐந்து பற்கள் இருக்கும். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதும் இதழ் அல்ல, அதுவும் ஒவ்வொன்றும் தனிப்பூதான். பள்ளிக்கூடத்துத் தாவரவியலில் சிரமஞ்சரி, கதிர்ச் சிறுமலர், வட்டத்தட்டுச் சிறுமலர் என்று படித்தது இதைத்தான். சாமந்தியும் வெட்டுக்காயப்பூண்டும் இதே அமைப்பு. பிரிட்டில்புஷ்ஷின் ஓரப் பூக்கள் விதை வைக்காது. பூச்சிகளைக் கூப்பிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. விதை எல்லாம் நடு வட்டத்தில் இருந்துதான் வரும்.

பூவைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். பச்சைச் செதில்கள் சுற்றிலும் அடுக்கியிருக்க வேண்டும்.

வறண்ட நிலத்தில் மஞ்சள் பூ என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஆவாரம்பூதான் நினைவுக்கு வரும். ஆவாரையின் உறவுக்காரச் செடிகள், அதாவது சென்னா இனங்கள், இங்கேயும் மஞ்சளாகப் பூக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தனித்தனியாக ஐந்து இதழும், பிறகு அவரை மாதிரிக் காயும் இருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் அப்படிக் காய் வரவே வராது.

கிரியோசோட் புதரும் மஞ்சள்தானே?

மஞ்சள்தான், ஆனால் வேறு குடும்பம். அதற்கு ஐந்து தனி இதழ்கள், லேசாகத் திருகியிருக்கும். இரண்டு சிற்றிலைகள் அடியில் ஒட்டிப் பளபளவென்று இருக்கும். காய் வெள்ளை முடி மூடிய குட்டி உருண்டை. மழை பெய்ததும் பாலைவனம் முழுக்க ஒரு வாசனை வருமே, அது இதன் இலைப் பிசினுடையது. ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்தவர் மறுபடி குழம்ப மாட்டார்.

சரி, பிரிட்டில்புஷ்தான் என்று உறுதி செய்ய எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இலை. விபூதி பூசினாற்போல வெளிறிய சாம்பல் நிறம், முட்டை வடிவத்திலிருந்து நீள்முக்கோணம் வரை, 3 முதல் 8 சென்டிமீட்டர் நீளம். கிளையில் மாறி மாறி அமைந்து, நுனிப் பக்கம் நெருக்கமாகக் கூடியிருக்கும். விரலால் தேய்த்தால் மெத்தென்று இருக்கும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வெண்முடிகள் தெரியும்.

இரண்டாவது, பூக்காம்பு. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இது. இலைகள் ஒரு உருண்டையான மேடாகக் கீழேயே நின்றுவிடும். அதற்கு மேலே இலையே இல்லாத நீண்ட காம்புகள் எழும்பி, உச்சியில் கிளை பிரிந்து, கிளைக்கு ஒன்றாகப் பூத் தலைகள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கீழே சாம்பல் மேடு, நடுவில் கொஞ்சம் வெற்றிடம், மேலே மஞ்சள் என்று இரண்டு அடுக்காகத் தெரியும். ஓடும் காரில் இருந்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, தூர். செடியின் அடிப்பகுதியில் காயம்பட்ட இடங்களில் மஞ்சள் பிசின் துளிகள் உறைந்து நிற்கும். கிளை லேசாக வளைத்தாலே படக்கென்று ஒடியும். புதரின் உயரம் முட்டியிலிருந்து இடுப்பு வரை, நல்ல இடத்தில் ஒன்றரை மீட்டர் வரை போகும்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் பூவைப் பார்க்கவே தேவையில்லை என்பது என் கட்சி. பூவில் ஓர இதழ்கள் (இதழ் மாதிரித் தெரியும் ஓரப் பூக்களைத்தான் சொல்கிறேன்) பொதுவாகப் பத்திலிருந்து இருபதுக்குள், மொத்த அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். அந்த அளவில் வேறு பல செடிகளும் பூக்கின்றன.

நான் பார்த்த செடியில் இலை பச்சையாக இருந்ததே?

அதுவும் பிரிட்டில்புஷ்ஷாக இருக்கலாம். இந்தச் செடி ஒரே மாதிரி இலை விடுவதில்லை. மழைக்குப் பிறகு மண்ணில் ஈரம் இருக்கும்போது துளிர்க்கும் இலைகள் பெரிதாக, முடி குறைவாக, பச்சை கலந்து இருக்கும். ஈரம் வற்ற வற்ற புதிதாக வரும் இலைகள் சின்னதாகி, தடித்து, வெள்ளையாகிக்கொண்டே போகும். கோடை முற்றிவிட்டால் பெரும்பாலானவற்றை உதிர்த்துவிட்டு நுனியில் சில வெள்ளை இலைகளோடு நிற்கும். ஒரே கிளையில் கீழே பச்சையும் மேலே வெள்ளையுமாகப் பார்ப்பதும் உண்டு.

அந்த முடிகள் எதற்கு என்று ஜேம்ஸ் எஹ்லரிங்கர், ஹெரால்ட் மூனி போன்ற ஆய்வாளர்கள் 1970களில் அளந்து பார்த்தார்கள். முடிகள் உலர்ந்து உள்ளே காற்று நிறைந்ததும் வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. கலிஃபோர்னியாக் கடற்கரையில் வளரும், முடி இல்லாத அக்கா தங்கை இனமான என்சீலியா கலிஃபோர்னிகாவை ஒப்பிட்டால், நன்றாக முடி மூடிய பாலைவன இலை வாங்கும் ஒளி பாதிக்கும் குறைவாகக்கூட இருக்கிறது என்று 1976இல் எழுதினார்கள். இலையின் சூடு குறைகிறது, தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் இது இலவசம் இல்லை. வாங்கும் ஒளி குறைந்தால் உணவு தயாரிப்பும் குறையும். தண்ணீர் இருக்கும் காலத்தில் முடியைக் குறைத்துக்கொண்டு செடி பச்சையாவது அதனால்தான்.

ஆகவே இலை பச்சையாக இருக்கிறதே என்று உடனே தள்ளிவிடாதீர்கள். எந்த மாதம், மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு, பூக்காம்பு எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

பூவின் நடு வட்டம் கருஞ்சிவப்பாக இருக்கிறது. வேறு இனமா?

அவசியமில்லை. என்சீலியா ஃபாரினோசாவிலேயே நடு வட்டம் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு வகை உண்டு. கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதிப் பக்கம் அதிகம் பார்க்கலாம். ஆனால் சான் டியேகோ மாதிரிக் கடலோர ஊரில், பச்சை இலையோடு, காம்புக்கு ஒரு பூவாக, நடுவில் கருப்பாகப் பார்த்திருந்தால் அது கலிஃபோர்னிகாவாக இருக்கும். பாலைவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காம்புக்கு ஒரே ஒரு பூதான். இலை சாம்பல்தான். அப்படியானால்?

புதராக இருந்தால், மோஹாவி பாலைவனத்தின் உயரமான பகுதிகளில் வரும் ஏக்டன் என்சீலியா அல்லது வர்ஜின் ஆற்று என்சீலியாவாக இருக்கலாம். இரண்டிலும் காம்பு கிளை பிரியாது. இலையும் ஃபாரினோசா அளவுக்கு வெளுப்பதில்லை, சாம்பல் பச்சையோடு நின்றுவிடும்.

புதரே இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒரு மென்செடி, ஓர இதழ்கள் நாற்பதை ஒட்டி நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன என்றால் அது டெசர்ட் மேரிகோல்ட். சாலையோரங்களில் வருஷத்தில் பல மாதம் பூத்துக்கொண்டிருக்கும். கட்டைத் தண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர இதழே இல்லாமல் மஞ்சள் பொத்தான் மட்டும் இருக்கிறது. இதழ் உதிர்ந்துவிட்டதா?

உதிர்ந்தும் இருக்கலாம். மொட்டைப் பாருங்கள், புதிதாக மலர்ந்ததிலும் ஓர இதழ் இல்லை என்றால் அந்தச் செடிக்கு எப்போதுமே இருக்காது. இலை பச்சையாக, சொரசொரப்பாக இருந்தால் என்சீலியா ஃப்ரூட்டெசென்ஸ். ஃபாரினோசாவின் நெருங்கிய சொந்தம், ஆனால் பிழைப்பு வேறு. ஃபாரினோசா சரிவில் இருந்துகொண்டு முடியால் வெயிலைத் தடுக்கிறது. ஃப்ரூட்டெசென்ஸ் வறண்ட ஓடைப் படுகையில் இருக்கிறது. அங்கே ஆழத்தில் தண்ணீர் கிடைப்பதால் அதைத் தாராளமாக ஆவியாக விட்டு இலையைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதற்கு முடி தேவைப்படுவதில்லை. சில அடி தூரத்தில் நிற்கும் இரண்டு புதர்கள் ஒரே சூட்டை இரண்டு விதமாகச் சமாளிப்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

அதே ஓடையில் இலையே அபூர்வமாக, பச்சைக் குச்சிகளாக மட்டும் நின்று, நல்ல மணத்தோடு பொத்தான் பூ பூத்தால் அது ஸ்வீட்புஷ்.

அக்டோபரில் மஞ்சளாகப் பூத்திருந்ததே?

அப்படியென்றால் முதலில் பிரிட்டில்புஷ்ஷை ஒதுக்கி வையுங்கள். பருவம் தவறிய மழைக்குச் சில செடிகள் பூக்கும், இருந்தாலும் இலையுதிர் காலத்து மஞ்சள் பெரும்பாலும் வேறு செடிகளுடையது.

இலை ஊசியாக, பச்சையாக, தொட்டால் பிசுபிசுத்து, நசுக்கினால் டர்பன்டைன் வாடை அடித்தால் டர்பன்டைன் புதர். ஓர இதழ் சில பூக்களில் ஒன்றிரண்டு இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. இன்னும் வடக்கே, நெவாடா, யூட்டாவின் குளிர்ப் பாலைவனத்தில் நூல் போன்ற இலையும் வெண்பஞ்சு மூடிய வளையும் தண்டுமாக நெடுஞ்சாலை நெடுகப் பூத்திருப்பது ராபிட்பிரஷ். ஒரு தலையில் பொதுவாக ஐந்தே ஐந்து குழாய்ப் பூக்கள், ஓர இதழ் கிடையாது. இதன் தண்டில் ரப்பர் இருப்பதால் உலகப் போர்க் காலத்தில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். மூன்றாவது ஸ்னேக்வீட். குட்டையாக, ஒல்லியான குச்சிகளின் நுனியில் அரிசி அளவுத் தலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

வசந்த காலத்திலேயே ஏமாற்றும் வேறு செடிகள் உண்டா?

உண்டு. நான் சந்தேகப்படும் வரிசையில் சொல்கிறேன்.

பாரிஷ் கோல்டன்ஐதான் முதலில். சரிவிலேயே நிற்கும், பூவும் அதே அளவு. ஆனால் இலை சின்ன முக்கோணம், பச்சை, சொரசொரப்பு. பெரும்பாலும் எதிரெதிராக ஜோடியாக இருக்கும். பிரிட்டில்புஷ்ஷில் இலை ஜோடி சேராது.

பேப்பர்ஃப்ளவரில் ஓர இதழ்கள் மூன்றிலிருந்து ஆறு வரைதான். அகலமாக இருந்து நுனியில் மூன்று பல் காட்டும். வாடினாலும் உதிராது, காகிதமாகக் காய்ந்து செடியிலேயே வெளுத்து நிற்கும். நூலிலை செனெசியோவுக்கு இலை நூலாகப் பிரிந்திருக்கும், பூவின் பின்பக்கச் செதில்கள் ஒரே உயரத்தில் ஒரே வரிசையாக நிற்கும். கால்நடைகளுக்கு நஞ்சு அது. ட்ரிக்ஸிஸ் என்ற பச்சை இலைப் புதரில் சிறுமலர்கள் எல்லாமே இரண்டு உதடாகப் பிரிந்திருக்கும். உருப்பெருக்கி இருந்தால் பார்க்க வேண்டிய பூ.

பூ எல்லாம் காய்ந்த பிறகு, மே கடைசியில் போனால் அடையாளம் சொல்ல முடியுமா?

இன்னும் சுலபம் என்று சொல்வேன். காய்ந்த தலை ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையையும் மடித்த செதில் ஒன்று அணைத்திருக்கும். விதை தட்டையாக, கருப்பாக, ஓரத்தில் பட்டு முடியோடு இருக்கும். விதையின் நுனியில் பறக்கும் பஞ்சு இராது. ராபிட்பிரஷ், டர்பன்டைன் புதர், செனெசியோ எல்லாவற்றுக்கும் விதையில் வெள்ளைப் பஞ்சு உண்டு, ஊதினால் பறக்கும். பறந்தால் பிரிட்டில்புஷ் இல்லை, அவ்வளவுதான். காய்ந்த காம்புகளும் பல மாதம் செடிமேல் குச்சி குச்சியாக நிற்கும்.

இலையில் ஓட்டை ஓட்டையாகத் தின்ற தடம் இருந்தால் வண்டையும் தேடுங்கள். ட்ரைரப்டா ஜெமினேட்டா என்ற கோடு போட்ட மஞ்சள் இலைவண்டுக்கும் அதன் புழுக்களுக்கும் பிரிட்டில்புஷ் இலைதான் சாப்பாடு.

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் இந்த மண்ணின் செடிதானா?

இல்லை. ஃபீனிக்ஸைச் சுற்றி இப்போது வேகமாகப் பரவும் ஸ்டிங்க்நெட், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த களை. அதுவும் இதே குடும்பம்தான், அதுவும் வசந்தத்தில்தான் பூக்கும். ஆனால் புதர் அல்ல, ஓராண்டுச் செடி. ஓர இதழ் இல்லாத மஞ்சள் உருண்டைகள், பிளவுபட்ட இலை, கசக்கினால் குப்பென்று நாற்றம். காய்ந்ததும் நன்றாகத் தீப்பிடிக்கும். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

தீ என்றதும் இன்னொன்று. பிரிட்டில்புஷ் சரிவுகளுக்கு இங்கே பெரிய எதிரியாகப் பேசப்படுவது பஃபெல் புல். நம் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடு மேயும் அதே கொழுக்கட்டைப் புல்தான் அது! அங்கே அது மேய்ச்சல் நிலத்தின் சொத்து. இங்கே மேய்ச்சலுக்கென்று கொண்டுவந்து, கைமீறிப் போய், தீ பழக்கமே இல்லாத பாலைவனத்துக்குத் தீயைக் கொண்டுவருகிறது. சகுவாரோ கள்ளி எரிந்தால் அந்த இடத்தில் மறுபடி ஆளுயரக் கள்ளியைப் பார்க்க ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகும். பிரிட்டில்புஷ் அந்த அளவுக்கு நொந்துபோகாது. விதையிலிருந்து முளைத்து எரிந்த சரிவிலும் வந்துவிடும்.

பிசினைப் பயன்படுத்துவார்களாமே? வாயில் போடலாமா?

இந்தப் பாலைவனத்துப் பழங்குடிகளான ஓ'ஓதம் மக்களும் செரி மக்களும் இந்தப் பிசினைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், மெல்லவும் ஒட்டுப் பசையாகவும். ஸ்பானியப் பாதிரிமார் தேவாலயங்களில் சாம்பிராணிக்குப் பதிலாக இதை எரித்தார்கள். நீங்கள் வாயில் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தக் குடும்பத்தில் பரவலாக இருக்கும், சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கிளப்பும் வகைச் சேர்மங்கள் இதிலும் இருக்கின்றன. பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருகிறவர்கள் இலையைக் கசக்குவதற்கே யோசிக்க வேண்டும்.

வீட்டு முன்னால் வைக்கலாமா?

தாராளமாக. நாட்டுச் செடி விற்கும் நர்சரிகளில் கிடைக்கும். முழு வெயில், தண்ணீர் தேங்காத மண், இரண்டும் போதும். வேரூன்றும் வரை தண்ணீர் விட்டு, பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் சொட்டுநீர் விட்டால் இலை பச்சையாகி, செடி தளதளவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். அந்தச் சாம்பல் அழகுக்காகத்தானே வைத்தோம்? பூ முடிந்ததும் காய்ந்த காம்புகளை வெட்டிவிடுங்கள். கடும் உறைபனியில் மேல்பகுதி கருகினாலும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், தூரிலிருந்து துளிர்க்க வாய்ப்புண்டு.

உங்களுக்கு அனுப்புவதற்கு எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

முழுப் புதர் ஒன்று, பக்கவாட்டில் நின்று, காம்பு எப்படி எழும்புகிறது என்று தெரியும்படி. இலை ஒன்று, நெருக்கத்தில். பூவின் முகமும் முதுகும் தனித்தனியாக. எந்த ஊர், எந்த மாதம், சரிவா ஓடையா என்று ஒரு வரி. படத்தை வைத்துச் செடியை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டாலும் இதே படங்கள்தான் உதவும். பூவின் முகத்தை மட்டும் போட்டால் செயலியும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும்.

எல்லாம் பார்த்துவிட்டேன். இலை அரைச் சாம்பல், ஓர இதழ் கொஞ்சமாக, குட்டையாக இருக்கிறது. எதிலும் சேரவில்லையே?

சரிவு முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபாரினோசாவும் ஃப்ரூட்டெசென்ஸும் பக்கத்துப் பக்கத்தில் பூத்தால் தேனீ இரண்டுக்கும் போகும், கலப்புச் செடி பிறக்கும். இலையிலும் பூவிலும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். அதற்கு ஒற்றைப் பெயர் தேட வேண்டாம். இரண்டு பெற்றோரின் பெயரையும் எழுதி, நடுவில் பெருக்கல் குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.